வெளிச்சத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம்



பி.காம் படிக்கிறவனுக்கு ஜன்னலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது இங்கே கேட்கிறது. :-) விஷயம் இருக்கிறது. போன வருடம் மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டையில் ஆரம்பித்து, லண்டன் கோர்ட்டு, ரூர்க்கி ஆராய்ச்சி நிலையம், அமெரிக்க ஆய்வுக்கூடம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு மறுபடி எங்கள் வீட்டுச் சந்துக்கே வந்து நின்றேன். அந்தக் கதைதான் இது. ஒரு கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எப்படி வரும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட மனிதன் என்னென்ன கருவிகள் செய்தான் என்பதன் வரலாறு.

முதலில் எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் ஊர் தீர்த்தமலை. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம். மலை மேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயிலும் பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தமும் பலருக்குத் தெரிந்திருக்கும். மலையடிவாரத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு ஓட்டு வீடு. கூரையில் நாலைந்து ஓடுகளுக்குப் பதிலாகக் கண்ணாடி ஓடு போட்டிருந்தார்கள். அதன் கீழே விழும் வெளிச்சத்துண்டில்தான் அம்மா தையல் மெஷினைப் போட்டிருந்தார். காலையில் ஒரு பக்கம், மதியம் நடுவில், சாயங்காலம் எதிர்ப்பக்கம் என்று வெளிச்சம் நகர்வதை வைத்து நாங்கள் மணி சொல்வோம். பிறகு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். கண்ணாடி ஓடு போனது. பதிலுக்கு வடக்குச் சுவரில் மூன்றடிக்கு நாலடி ஜன்னல் வந்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வடக்கே இருந்த காலி மனை எங்கள் பங்காளி வீட்டுப் பெரியப்பாவுடையது. இரண்டு வருடத்துக்கு முன் அவர் அதில் மாடி வீடு கட்டினார். அவர் சுவருக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே நாலடிச் சந்து. அன்றிலிருந்து பகல் பதினொரு மணிக்கும் அம்மா டியூப்லைட் போட்டுக்கொண்டுதான் தைக்கிறார். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். அப்பா கோபத்தில், "கோர்ட்டுக்குப் போனால் என்ன?" என்றார். நான் சட்டப் புத்தகத்தைத் தேடியது அப்படித்தான்.

சட்டத்துக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பழைய காலத்துக்குப் போவோம்.

குச்சியும் நிழலும்

பகல் வெளிச்சத்தைப் படம் பிடித்துக் காட்டும் முதல் கருவி ஒரு குச்சி. நம்மூரில் அதற்குச் சங்கு என்று பெயர். சமதரையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சங்கை நட வேண்டும். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மதியத்துக்குப் பிறகு மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் கிழக்கு மேற்கு. காத்யாயன சுல்ப சூத்திரத்திலும் இந்த முறை இருக்கிறது, கோயில் கட்டடக் கலை நூலான மயமதத்திலும் இருக்கிறது. நம் கோயில்கள் பலவற்றில் வருடத்தில் சில நாட்கள் மட்டும் சூரிய ஒளி நேராக மூலவர் மேல் விழுவதை சூரிய பூஜை என்று கொண்டாடுகிறோமே, அதற்கு அடிப்படையே இந்தத் திசைக் கணக்குதான்.

இதில் நம்மூருக்கு ஒரு விசேஷம் உண்டு. தீர்த்தமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது நிழலே இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கு நடுவே உள்ள நாலு மாதமும் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஜூன் 21-ல் உச்சியிலிருந்து வடக்கே சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். டிசம்பரில் தெற்கே சுமார் 35 டிகிரி. லண்டனில் இருப்பவனுக்கு நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

கண்ணாடி ஓட்டையும் விட்டுவிடக்கூடாது. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த அச்சு ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவியது. எல்லா ஓடும் ஒரே அளவு என்பதால், ஓர் ஓட்டை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி ஓட்டை வைத்துவிடலாம். எங்கே இருட்டோ அங்கே ஒன்று. சரிவரவில்லை என்றால் மாற்றி வைத்துக்கொள்ளலாம். கட்டிய பிறகும் திருத்திக்கொள்ளக்கூடிய வெளிச்சம் அது. கான்கிரீட் தளத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு முறை தப்பாகப் போட்டால் தப்புதான். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கும் கருவி தேவைப்படுகிறது.

கோர்ட்டுக்கு வந்த வெளிச்சம்

வெளிச்சத்தை எண்ணால் அளக்க வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியதில் கட்டடக் கலைஞர்களுக்கு இணையாக வக்கீல்களுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் 1832-ல் வந்த ஒரு சட்டம், இருபது வருடம் தடையில்லாமல் ஒரு ஜன்னலுக்கு வந்த வெளிச்சத்தைப் பக்கத்து மனைக்காரன் மறைக்கக்கூடாது என்றது. அதே யோசனை இந்தியாவுக்கும் வந்தது. 1882-ஆம் வருட இந்திய வசதியுரிமைச் சட்டம். ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சட்டம் முதலில் இந்தியா முழுவதற்கும் போடப்படவில்லை. மதராஸ் மாகாணம், மத்திய மாகாணங்கள், கூர்க் ஆகிய மூன்று இடங்களுக்குத்தான் 1882 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. பம்பாய்க்கு 1891-ல்தான் போனது. ஆக, ஜன்னல் வெளிச்சம் பற்றிய எழுத்துச் சட்டத்தை முதலில் பெற்றவர்களில் நாமும் ஒருவர்!

அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவும் இருபது வருடம்தான் கேட்கிறது. 33-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. வெளிச்சம் குறைந்தால் மட்டும் போதாது. அதனால் உன் உடல் சௌகரியம் கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும், அல்லது நீ வழக்கமாகச் செய்த தொழிலை முன்போல் லாபகரமாகச் செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும். அம்மாவின் தையல் இதில் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் எங்கள் ஜன்னலுக்கு வயது பதின்மூன்று. இருபது ஆகவில்லை. கேஸ் அதோடு முடிந்தது. அப்பாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? "கணிசமாக" என்றால் எவ்வளவு? 1904-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு கடைக்காரர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. எவ்வளவு வெளிச்சம் போனது என்பது கேள்வியல்ல, சாதாரண மனிதனின் எண்ணப்படி வசதியாக இருக்கப் போதுமான வெளிச்சம் மிச்சம் இருக்கிறதா என்பதே கேள்வி என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் "போதுமான" என்பதை யார் அளப்பது?

அங்கேதான் பெர்சி வால்ட்ரம் வருகிறார். இத்தகைய வழக்குகளில் நிபுணராகச் சாட்சி சொன்னவர். அறைக்குள் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஜன்னல் வழியே வானத்தில் எத்தனை பங்கு தெரிகிறது என்பதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கணக்கிடும் முறையை அவரும் ஜே. எம். வால்ட்ரமும் 1923-ல் வெளியிட்டார்கள். அதன் பெயரே வால்ட்ரம் வரைபடம். கட்டங்கள் வேண்டுமென்றே கோணலாக அளவிடப்பட்டிருக்கும். தாளில் சம பரப்பு என்றால் மேஜையில் சம வெளிச்சம் என்று அர்த்தம் வரும்படி. எதிர்க் கட்டடத்தை அதில் வரைந்தால், அது எவ்வளவு வெளிச்சத்தைத் தின்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். திறந்தவெளி வெளிச்சத்தில் 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால் சாதாரண மனிதன் முணுமுணுக்க ஆரம்பிப்பான் என்று வால்ட்ரம் எல்லை வகுத்தார். அந்த எல்லை ரொம்பக் குறைவு என்று பிற்காலத்தில் பலரும் குறை சொன்னார்கள். ஆனாலும் வெளிச்சம் முதல் தடவையாகத் தாளில் ஏறிவிட்டது. பொருளை எடை போட முடிந்த பிறகுதானே வியாபாரம் ஒழுங்காக நடக்கும்!

பொம்மை வீடும் போலி வானமும்

அடுத்து மாடல்களின் காலம். 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் டஃப்டன், பெக்கெட் என்ற இருவர் ஹீலியோடான் என்ற கருவியைச் செய்தார்கள். சாய்த்துத் திருப்பக்கூடிய ஒரு மேஜை, தள்ளி ஒரு விளக்கு. மேஜை மேல் கட்டடத்தின் அட்டை மாடலை வைத்து, ஊரின் அட்சரேகைக்கும் மாதத்துக்கும் மணிக்கும் தகுந்தபடி திருப்பினால், அந்த ஊரில் அந்த நேரத்தில் நிழல் எங்கே விழும் என்பது கண்ணெதிரே தெரியும். மார்கழியையும் ஆனியையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஹீலியோடான் சூரியனைத்தான் காட்டும். வானத்தின் பரவலான வெளிச்சத்தைக் காட்டாது. அதற்குப் போலி வானம் கட்டினார்கள். உள்ளே வெள்ளையடித்த குவிமாடம் அல்லது கண்ணாடிச் சுவர் கொண்ட பெட்டி, மேலே மறைவான விளக்குகள். நடுவில் மாடலை வைத்து அதன் அறைக்குள் ஒளி அளக்கும் கருவியை நுழைத்து அளப்பார்கள். மாடலில் அளந்தது உண்மைக் கட்டடத்துக்கும் பொருந்தும், ஏனென்றால் ஒளிக்குச் சின்ன அறை, பெரிய அறை என்ற வித்தியாசம் இல்லை.

கருவியே இல்லாமல் வெளிச்சத்தை ஆண்டவர்களும் உண்டு. பாண்டிச்சேரி கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்டிசெக் சம்மரும் இருந்து கட்டியது. 1937-ல் தொடங்கி 1945 வரை வேலை நடந்தது. நீளமான இரண்டு முகங்களும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கு மேற்கு வெயிலுக்கு ஒல்லியான பக்கத்தை மட்டும் காட்டுகிறது. முகம் முழுக்கத் திருப்பிக்கொள்ளக்கூடிய பட்டைப் பலகைகள். அறையில் இருப்பவரே தன் கையால் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எங்கள் தாத்தாவின் கண்ணாடி ஓட்டுக்குப் பெரிய இடத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

யாருடைய வானம்?

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெளிச்சக் கணக்கு போட வேண்டுமென்றால் முதலில் வானம் எப்படிப்பட்டது என்று முடிவு செய்ய வேண்டும். மேலை நாடுகளில் மோசமான நாளுக்குத் திட்டமிடு என்ற கொள்கையில் மேகம் மூடிய வானத்தை எடுத்துக்கொண்டார்கள். 1942-ல் மூன், ஸ்பென்சர் இருவரும் அதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். 1955-ல் சர்வதேச ஒளியியல் ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. அந்த வானத்தில் உச்சிதான் அதிகப் பிரகாசம். அடிவானம் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு.

நம்மூர் வானம் அப்படியா? வருடத்தில் பெரும்பாலான நாள் நீல வானம். 1947-ல் தொடங்கிய ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் வி. நரசிம்மன், பி. கே. சக்சேனா முதலியவர்கள் 1960-களில் இந்தியாவின் தெளிந்த வானத்தை அளந்தார்கள். கிடைத்தது கிட்டத்தட்ட தலைகீழ்ப் படம். சூரியனுக்கு எதிர்ப்பக்கத்து நீல வானத்தில் உச்சி மங்கல், கீழே வரவரப் பிரகாசம். அவர்கள் வகுத்த சூத்திரத்தின்படி அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில் இருக்கும் வானம் உச்சியைப் போலக் கிட்டத்தட்ட 3.9 மடங்கு பிரகாசம்! வெளியே 8000 லக்ஸ் வெளிச்சம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு சதவீதம் உள்ளே வந்தால் 80 லக்ஸ் என்ற கணக்கும் இப்படி வந்ததுதான். 1975-ஆம் வருட ஐ.எஸ். 2440 வழிகாட்டியிலும் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இது இடம்பெற்றது.

அதே வழிகாட்டிகள் உள்ளே வரும் வெளிச்சத்தை மூன்று கணக்காகப் பிரிக்கின்றன. ஒன்று, வானத்திலிருந்து நேராக வருவது. இரண்டு, எதிர்ச் சுவர் போன்ற வெளிப் பரப்புகளில் பட்டுத் திரும்பி வருவது. மூன்று, அறைக்குள்ளேயே சுவரிலும் கூரையிலும் பட்டுச் சிதறுவது. மூன்றையும் கூட்டினால் மொத்தம். காமர்ஸ்காரனுக்குப் புரியும்படி சொன்னால் ரொக்கம், வரவேண்டிய பாக்கி, உள்வட்டி. :-)

கணினி வந்தது

லூயி கான் என்ற கட்டடக் கலைஞரை எம்.பி.ஏ கனவு காண்பவர்கள் எல்லோருக்கும் மறைமுகமாகத் தெரியும். அகமதாபாத் ஐ.ஐ.எம் செங்கல் கட்டடங்கள் அவருடையவை. பெரிய வட்டத் திறப்புகளுக்குப் பின்னால் ஆழமான தாழ்வாரம் விட்டு, வெயில் நேராக அறையில் பாயாமல் தடுத்தார். அதே கான் அமெரிக்காவில் கட்டிய கிம்பெல் அருங்காட்சியகம் 1972-ல் திறக்கப்பட்டது. அங்கே கூரைப் பிளவு வழியே வரும் வெயிலை வளைந்த அலுமினியத் தகட்டில் பட வைத்துக் கூரை வளைவில் பரப்பினார்கள். ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி. அந்தத் தகட்டின் வளைவைக் கணக்கிடக் கணினியின் உதவியை நாடினார்கள். இயற்கை வெளிச்ச வடிவமைப்புக்குள் கணினி நுழைந்த ஆரம்பக் காட்சிகளில் இதுவும் ஒன்று.

பிறகு வேகம் பிடித்தது. 1980-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் டர்னர் விட்டெட், ஒளிக்கதிரைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் துரத்திக்கொண்டே போய்ப் படம் வரையும் முறையை வெளியிட்டார். கண்ணாடி, தண்ணீர் எல்லாம் திரையில் தத்ரூபமாக வந்தன. 1984-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், சுவரிலிருந்து சுவருக்கு ஒளி பரிமாறிக்கொள்வதைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சுவர் லேசாகச் சிவப்பாகத் தெரியுமே, அது அப்போதுதான் கணினிக்குப் புரிந்தது.

ஆனால் அழகான படம் வேறு, சரியான படம் வேறு. சினிமாக்காரனுக்கு அழகு போதும். ஜன்னல் வைப்பவனுக்கு லக்ஸ் எண்ணிக்கை வேண்டும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிரெக் வார்ட் 1985-ல் தொடங்கிய ரேடியன்ஸ் என்ற மென்பொருள் இந்த இடத்தைத்தான் பிடித்தது. அதன் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் உண்மையான ஒளி அளவு எண்ணாக இருக்கும். வேண்டுமானால் அதையே வானிலை வரைபடம் மாதிரி நீலம், பச்சை, சிவப்பு என்று வண்ணம் பிரித்துப் பார்க்கலாம். 1990-களில் ஜான் மர்டால்ஜெவிக் என்ற ஆய்வாளர் உண்மை வானத்தின் கீழ் அளந்த அறை வெளிச்சத்தோடு ரேடியன்ஸ் கணக்கை ஒப்பிட்டு, நம்பலாம் என்று காட்டினார். 2002-ல் ரேடியன்ஸ் திறந்த மூல மென்பொருள் ஆனது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ கருவிகளுக்குள் ஓடும் எஞ்சின் அதுதான்.

ஆண்ட்ரூ மார்ஷ் உருவாக்கிய எகோடெக்ட் மென்பொருள் கட்டடக்கலை மாணவர்களிடையே பிரபலமாக இருந்தது. 2008-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது, 2015-ல் விற்பனையை நிறுத்தியது. ஜெர்மனியிலிருந்து வரும் டயாலக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. லேடிபக் செருகுநிரலும், ரேடியன்ஸை உள்ளே வைத்துக்கொண்டு வந்த ஹனிபீ செருகுநிரலும் இலவசம். நம் நாட்டில் 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்த ஹைதராபாத் சோரப்ஜி கோத்ரெஜ் பசுமை மையம், பெரும்பாலான இடங்களில் பகலில் விளக்கே தேவைப்படாத கட்டடமாகப் பெயர் வாங்கியது. அதன் பிறகு நம்மூர்க் கம்பெனிகளுக்கும் இதில் ஆர்வம் வந்தது.

இன்னொரு பெரிய மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பழைய சதவீதக் கணக்கு ஒரே ஒரு வானத்தை வைத்துப் போடுவது. அதாவது மார்ச் 31 அன்று மட்டும் எடுக்கும் இருப்புநிலைக் குறிப்பு மாதிரி. அந்த ஒரு நாள் நிலைமை தெரியும், அவ்வளவுதான். கிறிஸ்டோப் ரெய்ன்ஹார்ட்டின் டேசிம் போன்ற மென்பொருள்கள் ஊரின் வானிலைக் கோப்பை எடுத்துக்கொண்டு வருடத்தின் 8760 மணி நேரத்துக்கும் கணக்கு போட்டன. இது வருடம் முழுவதற்குமான லாப நஷ்டக் கணக்கு! 2005-ல் நபில், மர்டால்ஜெவிக் இருவரும் 100 லக்ஸுக்குக் கீழே போனால் இருட்டு, 2000-க்கு மேலே போனால் கூச்சமும் சூடும், நடுவில் இருப்பதே பயனுள்ள பகல் வெளிச்சம் என்று வரையறுத்தார்கள். இந்தியாவின் 2017 எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள் இதை ஏற்றுக்கொண்டன. ஆனால் அது வணிகக் கட்டடங்களுக்கு. வீடுகளுக்கென்று 2018-ல் வந்த எகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு. எங்கள் வீடு எதிலும் வராது.

மறுபடி எங்கள் சந்து

பி.ஆர்க் படிக்கும் என் நண்பன் பொங்கல் லீவுக்கு முன்னால் ஒரு நாள் வந்திருந்தான். அம்மாவின் அறையை டேப் வைத்து அளந்தான். பத்துக்குப் பன்னிரண்டு, ஆக 120 சதுர அடி. ஜன்னல் 12 சதுர அடி. சரியாகப் பத்தில் ஒரு பங்கு. உலர் வெப்பப் பகுதிக்கு விதித்தொகுப்பு கேட்பதும் அதே பத்தில் ஒரு பங்குதான். விகிதப்படி பாஸ். ஆனால் அம்மாவின் மெஷின் மேல் செல்போன் ஆப் காட்டியது 45 லக்ஸ். தொடர்ந்து படிப்பதற்கே 300 லக்ஸ் வேண்டும் என்கிறார்கள், தையல் அதைவிட நுணுக்கமான வேலை. விகிதத்துக்கு எதிரே நிற்கும் சுவர் தெரியாது, பாருங்கள்.

நண்பன் லேப்டாப்பில் முதலில் மேகமூட்ட வானத்தை வைத்து ஓட்டினான். எனக்கு ரூர்க்கிக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். "எங்கள் சந்திலிருந்து பார்த்தால் உச்சி வானம் மட்டும்தான் தெரியும். மேகமூட்டத்தில் உச்சி பிரகாசம், நம்மூர் நீல வானத்தில் உச்சி மங்கல். கணக்கு தப்பாகுமே?" என்றேன். காமர்ஸ்காரன் கேட்ட கேள்வியில் அவன் கொஞ்சம் அசந்துதான் போனான். பிறகு ஹனிபீயில் பெங்களூரு வானிலைக் கோப்பைப் போட்டு வருடம் முழுக்க ஓட்டினான்.

திரையில் வந்த படம் நான் எதிர்பார்க்காதது. ஆனியில் அறை அதிக இருட்டு, மார்கழியில் கொஞ்சம் தேவலை! காரணம் அந்தச் சூரியன்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால், எங்கள் தளத்துக்கு மேலாக வந்து பெரியப்பா வீட்டுத் தெற்குச் சுவரில் நேராக அடிக்கிறது. ஆனியில் நடுப்பகல் சூரியன் வடக்கே போய்விடுவதால் அந்தச் சுவர் நிழலில் நிற்கிறது. எங்கள் அறைக்கு வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதே இல்லை, அந்தச் சுவரில் பட்டுத்தான் வருகிறது. அதாவது அந்த இரண்டாவது கணக்கு. வரவேண்டிய பாக்கி!

அந்தச் சுவர் எப்படி இருந்தது? வெறும் சிமெண்ட் பூச்சு, கரும்சாம்பல் நிறம். பக்கவாட்டுச் சுவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கால் பங்கைத்தான் திருப்பித் தரும். வெள்ளையடித்தால் முக்கால் பங்கு வரை தரும். நண்பன் மென்பொருளில் சுவரின் நிறத்தை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினான். நீலமாகக் கிடந்த அறை பச்சைக்கு வந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை கோபம் உங்கப்பாவுக்கு?" என்றார்.

அன்று சாயங்காலம் நான்தான் போனேன். "பெரியப்பா, பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். சந்துப் பக்கம் உங்க சுவருக்கும் சேர்த்து நாங்களே அடிச்சுக்கட்டுமா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு வெளிச்சம் வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். சுண்ணாம்பு எங்களுடையது, ஏணி அவருடையது.

தையில் அளந்தபோது அதே இடத்தில் 110 லக்ஸ். மெஷினை ஜன்னலோரம் நகர்த்தியதும் 190. ஆனியில் பழைய இடத்தில் 80 இருந்தது. செல்போன் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 300 வரவில்லைதான். கறுப்புத் துணி தைக்கும்போது அம்மா இன்றும் விளக்கு போடுகிறார். மற்ற நேரத்தில் தேவைப்படுவதில்லை. 20 வாட் எல்.இ.டி டியூப்பை தினம் 8 மணி நேரம், வருடத்தில் 300 நாள் எரித்தால் 48 யூனிட். பணமாகப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. கண்ணுக்கு எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது என்று என் பாடப்புத்தகத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று. 2024-ல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவது இலக்கு. ஒவ்வொன்றும் 360 சதுர அடி. ஓடும் கீற்றும் போய்த் தளம் வருவது நல்லதுதான், ஒழுகாத வீடு வேண்டும். ஆனால் அந்த ஜன்னல் எந்தப் பக்கம், எதிரே என்ன, அந்தச் சுவர் என்ன நிறம் என்று கட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரூர்க்கிக்காரர்கள் அளந்து வைத்த நம் வானம் இருக்கிறது. லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஒரு குச்சியும், ஒரு வாளி சுண்ணாம்பும், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச ஒரு வார்த்தையும் இருக்கிறது.

உங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவர் என்ன நிறம்? ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்.